உச்சிவெயில் விட்ட வகுத்தல்

சேலம் ஜில்லாவிலேயே சூட்டை அளக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் உச்சிவெயில்தான். மற்றவர்கள் எல்லாரும் சும்மா வியர்த்துக்கொண்டிருந்தோம்.

காலேஜ் பௌதிக லாபரட்டரியில் அவர் டெமான்ஸ்ட்ரேட்டர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். ஹாஸ்டலிலேயே ஓர் அறையில் குடியிருந்தார். முப்பது வயது ஆகவில்லை, அதற்குள் தலையில் ஒரு முடிகூட மிச்சமில்லை. அசல் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

"எவ்வளவு சூடு?" என்று மொட்டையாகக் கேட்டால் அவருக்குப் பிடிக்காது. இவ்வளவு இடத்தில், இவ்வளவு நேரத்தில், எவ்வளவு சூடு பாய்கிறது என்று கேட்க வேண்டும். கேட்டால் தொலைந்தோம். இங்கிலீஷ்காரன் புத்தகம் சதுர அடிக்கு, மணிக்கு, இத்தனை பி.டி.யு. என்று சொல்லும். அடுத்த புத்தகம் சதுர சென்டிமீட்டருக்கு, செகண்டுக்கு, இத்தனை கலோரி என்று சொல்லும். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்குள் வகுப்பில் பாதிப் பேர் சரித்திரம் படிக்க ஓடிவிட்டார்கள்.

மிச்சப் பேரைக் காப்பாற்ற அவரே ஓர் அளவு கண்டுபிடித்தார். சித்திரை மாதம், நட்ட நடு மத்தியானம், சேலத்து வெயில், அவருடைய தலை. அங்கே பாய்கிற சூடு ஒரு 'மொட்டை'. சதுர அடிக்கு மணிக்கு முந்நூறு பி.டி.யு. சொச்சம். அதற்கப்புறம் உலகத்து நெருப்பெல்லாம் மொட்டையில்தான். ஹாஸ்டல் தோசைக்கல் பத்து மொட்டை. மாரியம்மன் கோவில் தீமிதிக் குழியை அளக்கிறேன் என்று கையை நீட்டிக்கொண்டு நின்று பூசாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

பரீட்சைக்குப் பயந்து ஒரு நாள் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துவிட்டேன். வார்டன் இவரை அனுப்பினார். என் நெற்றிக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"காய்ச்சல்னா பத்துல ஒரு மொட்டையாச்சும் வரோணுமுங்க. இதுல ஒண்ணையும் காணோம். எந்திரிச்சு வாங்க."

பையன்களைத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்.

இவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? போன வீட்டிலெல்லாம் பெண் முதலில் தலையைத்தான் பார்த்தாள். கடைசியில் ஆத்தூரில் ஒரு மில்காரர் வசமாக மாட்டினார். உலக யுத்தத்தால் சீமை ஜவ்வரிசி வராமல் போக, மரவள்ளிக் கிழங்கு மாவில் ஜவ்வரிசி பண்ண இறங்கியிருந்தார். அவரிடம் ஒரு பெண் இருந்தாள். ஜவ்வரிசி வறுக்க வாங்கிய இரும்புத் தட்டும், அதோடு வந்த புரியாத சீமைக் காகிதமும் இருந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாப்பிள்ளையாகத் தேடினார்.

பெண் பார்க்கத் துணைக்கு என்னைக் கூட்டிப் போனார் உச்சிவெயில். நான் அப்போதுதான் பழனியில் முடி இறக்கிவிட்டு வந்திருந்தேன். பக்கத்தில் நிற்கத் தோதான ஆள்.

கேசரித் தட்டு வந்தது. கூடவே காகிதமும் வந்தது. தட்டுக்கு வேண்டிய சூடு சதுர மீட்டருக்கு, மணிக்கு, இத்தனை கிலோகலோரி என்று போட்டிருந்தது. இவர் மனசுக்குள்ளேயே கணக்குப் போட ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துப் பெண் காபியோடு வந்தாள். தலையைப் பார்க்கவில்லை. நேராக முகத்தைப் பார்த்தாள்.

"பதினாறு மொட்டை" என்றார் உச்சிவெயில். அதற்கு எவ்வளவு விறகு என்றும் சொல்லிக் கொடுத்தார். மில்காரர் அப்போதே 'மாப்பிள்ளை' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் வறுவல். நாங்கள் போய் இறங்கும்போதே ஊரெல்லாம் தீய்ந்த வாடை. தட்டில் ஜவ்வரிசி காப்பிக்கொட்டை மாதிரி கிடந்தது. வறுக்கிறதற்கு வைத்திருந்த நாச்சாயி ஓரமாக அழுதுகொண்டு நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. நாளையிலிருந்து வராதே என்று மில்காரர் சொல்லிவிட்டாராம்.

"சொன்ன மாதிரிதாங்க கட்டை போட்டேன்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"வாங்க மாப்பிள்ளை, நீங்களே பாருங்க" என்றார் மில்காரர். "உங்க கணக்குல தப்பு இருக்காது. இவ கைதான் சரியில்ல."

உச்சிவெயில் தட்டுக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துக் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தேன், சும்மா இருங்க சார் என்று காதில் கெஞ்சினேன். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், தை மாசம் கல்யாணம்.

"ஏனுங்க, அந்தம்மாளை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னோடதுங்க. மீட்டருக்கு மூணேகால் அடி. சதுரம்ங்கிறதால ரெண்டு தடவை வகுக்கோணும். நான் ஒருக்கா வகுத்துட்டு உட்டுட்டேன். அஞ்சு மொட்டை போதும், பதினாறு போட்டுட்டோம்."

மில்காரருக்கு நம்ப முடியவில்லை. "அதெப்படிங்க விட்டுப் போவும்?"

இந்த இடத்திலாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"அப்பத்தான் உங்க பொண்ணு காபி கொண்டாந்தாங்க."

கிழங்கு சீவிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாச்சாயிக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. மில்காரர் காது மடல் சிவந்தது.

"சரியான கணக்கை அவகிட்ட சொல்லிட்டுக் கிளம்புங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மாப்பிள்ளை என்ற வார்த்தை அதோடு போயிற்று.

உச்சிவெயில் அவசரப்படவில்லை. நாச்சாயிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விறகை இழுத்து, தள்ளி, எவ்வளவு போட வேண்டும் என்று காட்டினார். அடுத்த வறுவல் முத்து முத்தாக வெளுத்து வந்தது. மில்காரர் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, நாச்சாயியை நேரத்தோடு வரச்சொல்லிவிட்டுப் போனார்.

"கல்யாணம் நின்னு போச்சா சாமி?" என்று கேட்டாள் அவள்.

"நின்னு போச்சாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ் இருமிக்கொண்டே சேலத்துக்குக் கிளம்பியது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கணக்குத் தப்பு என்று மட்டும் சொல்லியிருக்கலாமே, காபியை ஏன் சார் இழுத்தீர்கள் என்று பிடித்துக்கொண்டேன்.

"அவரு கேட்டாருங்களே" என்றார்.

நான் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன். முண்டியடித்து ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தவன் நான்தான். சேலம் நெருங்கி, அயோத்தியாப்பட்டணம் வந்ததும் எழுந்துகொண்டேன்.

"இப்படி வந்து உட்காருங்க சார். இங்க காத்து வருது."