வலது பக்கத்து மெடல்

எங்க வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு ஆசை. தன்னோட யுத்தக் கதைய, நான் பக்கத்துல இல்லாம, ஒரு தடவையாவது முழுசா சொல்லி முடிச்சிரணும்.

நியாயமான ஆசைதான். வருஷா வருஷம் ராணுவப் பிரிவோட பொறந்த நாளான கோர் டே விருந்துல அவுக ஆரம்பிப்பாக. நான் நடுவுல திருத்துவேன். வேணும்னு இல்ல, வாய் தானா போயிரும். "எழுபத்தொண்ணுல குண்டு மழைக்கு நடுவுல..." ம்பாக. "அப்ப நீங்க ஆஸ்பத்திரியிலல்லா இருந்தீக" ம்பேன். மொத வருஷம் ரிப்பேர் பண்ணுனது ஒரு வண்டி. அடுத்த வருஷம் அது டேங்க் ஆச்சு. அதுக்கடுத்து மூணு டேங்க். விட்டா எதிரி டேங்கையும் இவுகளே சரி பண்ணிக் குடுத்து அனுப்பிருப்பாக.

இவுக பேரு வால்டர். சுபேதார் வால்டர். ராணுவத்துல வண்டி, டேங்கெல்லாம் ரிப்பேர் பண்ற கோர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ரிட்டயர் ஆனதும் கடைசியா வேல பாத்த கட்கியிலயே தங்கிட்டோம். சொந்த ஊரு நாசரேத்துக்குத் திரும்பலாம்னுதான் இருந்துச்சு. ஆனா எங்க கொழுந்தன் அந்த வீட்ட... சரி, அது வேற கத, அதுல எறங்குனா பொழுது போயிரும்.

ரெண்டாயிரத்து மூணு. கோருக்கு அறுபது வயசு. பெரிய விழா. ஒரு நாள் காலைல இவுக பேப்பருக்குப் பின்னாலருந்து பேசுனாக.

"மேரி, இந்த வருஷம் லேடீஸ் கிடையாது."

"ஏனாம்?"

"மேல இருந்து ஆர்டர்."

"எவ்வளவு மேல?"

"ரொம்ப மேல."

"அப்ப ஜெபத்துல நானே கேட்டுக்கிடுதேன்."

பேப்பர் எறங்கவே இல்ல. அப்பமே எனக்கு லேசா சந்தேகம்.

ரெண்டு நாளா பிராஸோ பாலிஷ் போட்டு மெடல தேச்சாக. விழா அன்னைக்கு நான் பஜாருக்கு மேத்தி, நம்மூரு வெந்தயக் கீர, வாங்கப் போனேன். அந்த பாஜிக்காரி, காய்கறி விக்குறவ, இருக்காளே, மேத்திய விட மண்ண ஜாஸ்தி கட்டுவா. அவகிட்ட சண்ட போட்டுட்டு வந்தா, வீடு பூட்டிருக்கு. பிளேசர் கோட்டக் காணோம், ஆளக் காணோம். அவசரத்துல மெடல டிவி மேலயே விட்டுட்டுப் போயிருக்காக.

பக்கத்து வீட்டுக்காரி, பெட்டின்னு பேரு, பட்டுச்சேலையில பளபளன்னு நிக்கா. அவ வீட்டுக்காரரும் அதே கோர்தான், ஸ்கூட்டர ஒதச்சிக்கிட்டு இருக்காரு.

"அக்கா, இன்னும் கெளம்பலியா?"

"லேடீஸ் கிடையாதாம்லா?"

"யாரு சொன்னா? நமக்குத் தனியா மியூசிக்கல் சேரே வச்சிருக்காங்க!"

எனக்குக் கோவம் வரல. பாவமாத்தான் இருந்துச்சு. மெடல் இல்லாம அங்க போயி நிக்குறது, பல் செட் போடாம கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி. குடுத்துட்டு வந்துரலாம்னு கெளம்புனேன்.

"பையில போட்டா ஊசி வளஞ்சிரும். சேலையிலயே குத்திக்கோங்க" ன்னு கத்திட்டு ஸ்கூட்டர்ல போயிட்டா பெட்டி.

எடது பக்கம் முந்தான. அதுல நாலு மெடலக் குத்துனா சேலையே சரியுது. வலது பக்கம் பிளவுஸ்ல குத்துனேன். கச்சிதமா நின்னுச்சு. ரிக்‌ஷா புடிச்சேன்.

கேட்ல ஒரு சின்ன வயசு கேப்டன். என்னப் பாத்தான், மெடலப் பாத்தான், பட்டுன்னு ஒரு சல்யூட். "வாங்க மாதாஜி" ன்னு கையத் தாங்கிக் கூட்டிட்டுப் போயி, மொத வரிசையில சோபால ஒக்கார வச்சான். தண்ணி வந்துச்சு. சால்வ வந்துச்சு. வீட்டுக்கார சாப் பேரு என்னன்னு மெதுவாக் கேட்டு ஒரு தாள்ல எழுதிக்கிட்டான். முப்பது வருஷத்துல எனக்கு இப்படி ஒரு மரியாத கெடச்சதில்ல. பக்கத்துல ரெண்டு மராட்டிக்காரம்மா. அவங்களும் மெடல வலது பக்கந்தான் குத்திருந்தாங்க. எல்லாருக்கும் முந்தானப் பிரச்சினதான் போலன்னு நெனச்சேன்.

ஒரு அம்மா என் கையப் புடிச்சு இந்தியில கேட்டாங்க. "எப்ப போனாரு?"

"காலைல. நான் பாஜி வாங்கப் போன நேரத்துல."

"இன்னைக்கேவா!" ன்னு அந்தம்மா வாயப் பொத்திக்கிட்டாங்க.

அதுக்குள்ள மேடையில கமாண்டன்ட் தாளப் பாத்து வாசிக்காரு. மறைந்த சுபேதார் ஷிண்டே, மறைந்த ஹவில்தார் ராமநாதன், மறைந்த சுபேதார் வால்டர்.

அப்பத்தான் ஒறச்சிச்சு, பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் புருசன எழந்தவங்கன்னு. தான் வாங்குன மெடல எடது பக்கம் குத்துவாங்க. செத்தவங்க மெடல வீட்டு ஆளுக வலது பக்கம் குத்துவாங்க. எனக்கு இத யாரும் சொல்லித் தரலியே!

"சாவ்தான்!"

அட்டென்ஷனுக்கு இந்தியில அப்படித்தான். மொத்த ஹாலும் எந்திரிச்சு வெறப்பா நின்னுச்சு. திரும்பிப் பாத்தேன். மூணாவது மேசையில இவுக. ஒரு கையில ரம் கிளாஸ், தெறந்த வாய் தெறந்தபடி, அட்டென்ஷன்ல நிக்காக. பட்டாளத்துக்காரனுக்கு சாவ்தான்னா சாவ்தான்தான். மூக்குல ஈ ஒக்காந்தாலும் அசையக் கூடாது, செத்தது தானாவே இருந்தாலும். ரெண்டு நிமிஷம் தனக்குத் தானே மரியாத செஞ்சாக.

முடிஞ்சதும் கமாண்டன்ட் எறங்கி வந்து மைக்க என் கையில குடுத்தாரு. ரெண்டு வார்த்த சொல்லணுமாம்.

"சார், அவுக சாகல. அந்தா, மூணாவது மேச."

ஹாலே திரும்பிச்சு. அப்புறம் கெளம்புன சிரிப்புல கூரையே ஆடிப் போச்சு.

"சுபேதார் சாப், மனைவிய ஏன் கூட்டிட்டு வரல?" ன்னு கமாண்டன்ட் கேட்டாரு.

"சார்... லேடீஸ் கிடையாதுன்னு ஆர்டர்..."

"யாரு போட்டது?"

இவுக ரம் கிளாஸையே பாத்துக்கிட்டு நின்னாக.

"சரி, இப்ப நான் ஒரு ஆர்டர் போடுறேன். உங்க எழுபத்தொண்ணு கதைய இன்னைக்கு மாதாஜி சொல்லுவாங்க. நீங்க குறுக்க பேசக் கூடாது."

எனக்குத் தெரிஞ்ச பஜார் இந்தியில சொன்னேன். டேங்கெல்லாம் இல்ல சார். இவுகளுக்குப் பொன்னுக்கு வீங்கி. ரெண்டு கன்னமும் பூசணிக்கா. பதான்கோட் ஆஸ்பத்திரியில தனி வார்டு. ஒரு நாள், அடிபட்டவுகள ஏத்திட்டு வந்த ஆம்புலன்ஸ் தூரத்து ரோட்டுல நின்னு போச்சு. மெக்கானிக் யாரும் இல்ல. இவுக தலையச் சுத்தி மப்ளரக் கட்டிக்கிட்டு, காய்ச்சலோட நடந்து போயி, அத ஓட வச்சாக. உள்ள அஞ்சு பேரு. அஞ்சு பேரும் பொழச்சாங்க. இது எனக்கு எழுதுன லெட்டர்ல இருக்கு. அப்பல்லாம் இவுக பொய் எழுத மாட்டாக.

எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. மெடலக் கழத்தி இவுக எடது பக்கம் குத்திவிட்டேன்.

வரும்போது ரிக்‌ஷாவுல இவுக மெடலத் தடவிக்கிட்டே வந்தாக.

"ஏ மேரி, டேங்குக்கு ஒரு நாளும் இவ்வளவு கை தட்டுனதில்ல."

"ம்."

"அடுத்த வருஷம் இதையே நான் சொல்லிக்கிடுதேன். நீ வீட்டுல இரு."

"ஆகட்டும்" னேன். எனக்கென்ன.

அடுத்த வருஷம் அழைப்பு வந்துச்சு. மேல 'திருமதி செல்வமேரி'. அடியில பொடி எழுத்துல: 'உடன் ஒருவரை அழைத்து வரலாம்.'