வால்வு மாற்றியதாக நான் சொன்ன பத்து நாட்கள்

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை எழுதுவது.

இங்கே இருவரும் சௌக்கியம். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் மாப்பிள்ளைக்கு இப்போது காது மிகவும் கூர்மையாகிவிட்டதாம். அவரே சொல்கிறார். அதனால் கடிதம்.

வீடு மாறும்போது எங்களிடம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டித் தருகிற ஒரு பழைய ப்ரீஆம்ப் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அதில் வலது பக்கம் மட்டும் சரசரவென்று இரைச்சல் வர ஆரம்பித்தது. உள்ளே பல்பு மாதிரி இருக்கும் வால்வு போய்விட்டது என்றார் இவர். புதிதாக ஒன்று போட்டால் முடிந்தது என்று நானும் இருந்தேன். கடைக்காரர் நான்கு கொடுத்துவிட்டார். "நாலையும் போட்டுக் கேளுங்க சார், பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் கொடுங்க"ன்னாராம். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். முப்பது வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்த மனிதரிடம் நான்கு பொருளைக் கொடுத்து எது நல்லது என்று கேட்கலாமா?

கண்ணால் பார்த்தால் மனசு ஏமாற்றிவிடுமாம். அதனால் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு சோபாவில் உட்காருவார். நான் பின்னால் நின்று ப்ரீஆம்பை அணைத்து, வால்வைக் கழற்றி, வேறொன்றைச் செருகி, மறுபடி போட வேண்டும். எதைச் செருகினேன் என்று சொல்லக் கூடாது, நம்பரை மட்டும் அவருடைய பழைய பரிசோதனை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே பாட்டு, அதே இரண்டு நிமிஷம், தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம்.

"கொஞ்சம் அழுத்தம் ஜாஸ்தி. ஆனா குரல் பக்கத்துல வந்து நிக்குது. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"யார் பக்கத்துலன்னு எழுதினே?"

"உங்க பக்கத்துலதான். நான் எங்கே போய் நிக்கறது?"

மூன்றாம் நாள் சூடான வால்வில் விரலைச் சுட்டுக்கொண்டேன். அது ஒன்பது ஊசிக்கால் வைத்த கண்ணாடிக் குழாய் அண்ணா, ஒரு கால் வளைந்தாலும் உள்ளே இறங்காது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் கண்ணாடிக் குழாயோடு மாரடித்தது போதாதா எனக்கு? வந்த எரிச்சலில் அவர் கெட்டுப்போனதென்று ஒதுக்கி வைத்த பழைய வால்வையே எடுத்தேன். ஊசிக்கால்களை எல்லாம் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, சாக்கெட்டையும் துடைத்துச் செருகினேன். இரைச்சலே இல்லை! வெறும் அழுக்கு. உடனே சொல்லியிருக்க வேண்டும்தான். வாயெடுப்பதற்குள், "ஆஹா, இதுதான்! இது எந்த நம்பர்?" என்றார். "சொல்லக் கூடாதே" என்றேன். அன்றிலிருந்து நான் எதையும் கழற்றவில்லை. அணைப்பேன், புது வால்வுகளின் அட்டைப்பெட்டியைக் கொஞ்சம் சரசரக்க வைப்பேன், போடுவேன், கைக்கு வந்த நம்பரை எழுதுவேன். பத்து நாளாக இதே கூத்து. அதே பழைய வால்வு ஒரு நாள் தேன், ஒரு நாள் தகரம், நேற்று "ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு பாடற மாதிரி இருக்கு."

சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆடியோ சங்கத்தில் அந்த நோட்டை எல்லோர் முன்னாலும் வாசிக்கப் போகிறாராம். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர், பேச்சில் ஊசி போடுகிறவர். "எங்கே, இப்ப கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று அவர் நாலு வால்வை நீட்டினால் என்ன ஆவது? தானே ஏறி இறங்கிப் பார்க்காத லிஃப்டுக்கு ஒரு கையெழுத்துப் போடாதவர் அண்ணா இவர். என் பொய்யை அவர் வாயால் வாசித்து அவமானப்படப் போகிறாரே! சொல்லிவிடலாமென்றால் முகம் வாடிப்போகும், அப்புறம் பாட்டுப் பக்கமே போகமாட்டார். சொல்வதா, விட்டுவிடுவதா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் நல்ல உடம்போடும் நல்ல புத்தியோடும் எந்தச் சங்கத்திலும் சேராமல் நெடுநாள் வாழ என் ஆசி.

அன்புத் தங்கை

பி.கு.: மச்சானுக்கு வணக்கம். இது நான், உங்கள் மாப்பிள்ளை. உறையை ஒட்டாமல் மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். படித்தது தப்புதான். ஆறிக் கிடந்த வால்வைச் செருகினால் சத்தம் வர அரை நிமிஷம் ஆகும். இவள் போட்டால் ஐந்து எண்ணுவதற்குள் பாட்டு வந்துவிடுகிறது. சந்தேகப்பட்டு அடுத்த நாள் காலையில் மூடியைத் திறந்தேன், பழையதுதான் இருந்தது, ஸ்பிரிட் வாசனையோடு. நான்கு புதுசையும் அன்றே கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று. பெட்டி இல்லாமல் எப்படி என்று கடைக்காரர் முனகினார். பெட்டிகளில் இப்போது இருப்பது பஞ்சு. சங்கத்தில் வாசிக்கப் போவதாகச் சொன்னதும் சும்மா, இவள் பாதியில் நிறுத்திவிடக் கூடாதே என்றுதான். இருவரும் ரிட்டயர் ஆனதிலிருந்து அவள் அந்த அறையில் போனோடு, நான் இந்த அறையில் பாட்டோடு என்று ஆகிவிட்டது மச்சான். இப்போது தினமும் ஒரு மணி நேரம் என் பின்னால் நிற்கிறாள், நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்கிறாள். எனக்கு அது வேண்டியிருக்கிறது. "சொல்லாதே, மாற்றிக்கொண்டே இரு" என்று அவளுக்கு எழுதுங்கள். கூட்டம் தள்ளிப்போய்விட்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.