ஞாயிற்றுக்கிழமை நிபுணர்

இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவப் போவதில்லை என்று முடிவு செய்தேன். அதை மனைவியிடம் நேரடியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு வீரம் கிடையாது. ஆகவே சமூக சேவையில் குதித்தேன். நூலகத்தில் கோடிங் கற்க வருகிறவர்களுக்கு ஒருநாள் பயிலரங்கு. எல்லார் லேப்டாப்பிலும் ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற கோடிங் முறைக்கு வேண்டிய மென்பொருளை ஏற்றிக் கொடுக்கும் நிபுணர், அடியேன்.

ஒரே ஒரு சிக்கல். போன தடவை என் செய்முறைக் குறிப்பை நம்பிய கூட்டம் மதியம் வரை பிழைச் செய்தியையே வாசித்துக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன் சார்" என்று நூலகர் அம்மா சொல்லிவிட்டார். வேறு ஆள் வந்தால் எனக்குத் தொட்டிதான். எனவே சனிக்கிழமையே குறிப்பைச் சோதித்துவிட நினைத்து மனைவியைக் கூப்பிட்டேன்.

"உனக்கு கோடிங் சொல்லித் தரப் போறேன்" என்றேன், வள்ளல் போல.

"என்ன திடீர்னு?"

"ஒண்ணுமே தெரியாத ஆள்தான் இதுக்கு வேணும்."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"உன்னை விட்டா யாரு? கேளு. ஃபங்ஷன்னு ஒண்ணு. ஒரே சரக்கைப் போட்டா ஒரே விடை. இன்னைக்குப் போட்டாலும் நாளைக்குப் போட்டாலும், யார் போட்டாலும் அதேதான். ஆளைப் பார்க்காது. பக்க விளைவும் கிடையாது."

"மருந்துக் கடைக்காரரே இவ்வளவு துணிச்சலாச் சொல்ல மாட்டாரே!"

குறிப்பைப் பார்த்துத் தன் லேப்டாப்பில் ஆரம்பித்தாள். மூன்றாவது படியிலேயே திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"என் மெஷின்ல ஓடுச்சே!"

"உங்க மெஷின்ல முன்னாடியே எதையாவது போட்டு வச்சிருப்பீங்க. அதை இதுல எழுதலையே?"

உண்மைதான். எப்போதோ ஏற்றிய ஒன்றை அடியோடு மறந்திருந்தேன். மவுஸை நோக்கிக் கையை நீட்டினேன். பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"நாளைக்கு வர்றவங்க எல்லார் மவுஸையும் பிடுங்குவீங்களா? வாயால சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சொன்னேன். எழுதினாள், அடித்து எழுதினாள், திருத்தினாள். என் அருமை பெருமைகள் அடங்கிய முதல் பக்கத்தைக் கிழித்தே போட்டாள். கடைசியில் அவள் லேப்டாப்பிலும் ஓடியது. குறிப்பைப் படம் எடுத்து நூலகர் அம்மாவுக்கு அனுப்பியும் விட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. தொட்டி தொலைந்தது!

மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினால், அவள் லேப்டாப் பையுடன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க கிளம்பிட்டே?"

"பயிலரங்குக்கு. குறிப்பு நல்லாப் புரியுது, நீங்களே வந்துடுங்கன்னு நூலகர் அக்கா சொல்லிட்டாங்க."

"ஏய், நிபுணர் நான்!"

"யார் போட்டாலும் அதே விடைதானே? ஆளைப் பார்க்காதுன்னீங்க?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "தொட்டி கழுவறதைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எப்பவும் நீ நின்னு சொல்லச் சொல்லத்தானே செய்வேன்!"

"ஒண்ணுமே தெரியாத ஆள்தான் இதுக்கு வேணும்" என்று ஒரு காகிதத்தை என் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கினாள்.

பிரித்துப் பார்த்தேன். முதல் படி: இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றவும்.