சனிக்கிழமை திருச்சிக்கு வரவேண்டிய தம்பிக்கு

கிள்ளான், மலேசியா
ஐப்பசி மாதம், விடாத மழை

அன்புக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரிய தம்பி மாரிச்சாமிக்கு, அக்கா நாகஜோதி எழுதிக்கொள்வது. திருமேனிநாதர் புண்ணியத்தில் இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அங்கே நீயும் உன் பெண்டாட்டி முத்துத்தாயும் மாடு கன்றுகளும் காட்டில் நிற்கும் மக்காச்சோளமும், அதைத் தின்ன வருகிற காட்டுப்பன்றிகள் நீங்கலாக மற்ற சகல ஜீவன்களும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. முத்துத்தாய் எடுத்தால் பின்னால் நின்றுகொண்டு, "யாரு அது, ராங் நம்பரா?" என்று கேட்கிறாய். உன் குரல் எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம். நம் பக்கத்து வீரசோழன் ஊர்க்காரர் ஜெய்னுலாப்தீன் பாய் நாளைக்கு ஊருக்குப் புறப்படுகிறார், உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வாங்க மறுத்தால் வாசலில் நின்று சத்தமாகப் படிக்கவும் சொல்லியிருக்கிறேன், ஆகவே வாங்கிக்கொள்வது உனக்கு நல்லது. விஷயம் இதுதான்: சனிக்கிழமை மத்தியானம் நான் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்குகிறேன். நீ வந்து கூட்டிப்போக வேண்டும். பாளையம்பட்டி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான் வந்தேன், என் கட்டிலும் பீரோவும் உன் மோட்டார் ரூமில் கிடக்கின்றன. அவையாவது உன் வீட்டில் இருக்கின்றன. நீ என்னைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை.

நான் புறப்பட்ட அன்று நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "முப்பது வருசம் சம்பளத்துக்கு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்ட. சரி, அது கவர்மெண்டு வேலை. இப்ப சம்பளமில்லாத வேலைக்கு ஏரோப்ளேன்ல போறியாக்கும்? போனா அப்படியே போயிரு. திரும்பி வந்து என் வாசப்படி ஏறாத." அதற்கு நான், "ஏலே, ஒன் வாசப்படிய நீயே தொடச்சு வச்சு ஒக்காந்துக்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தப் பேச்சில் பாதியை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதியை நீ நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.

நான் ஏன் வந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, திட்ட மட்டும்தான் செய்தாய். பால்வாடியில் ரிடையர்மெண்டு என்று எனக்கு மாலை போட்டு அனுப்பிவைத்த மறுநாள் காலையில், வழக்கம்போலக் குளித்துச் சேலை கட்டி, செருப்பையும் மாட்டிய பிறகுதான் போக இடம் இல்லை என்று புத்திக்கு வந்தது. கட்டினவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், எனக்கென்று ஒரு பிள்ளையும் இல்லை. அந்தச் செருப்போடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அப்படியே மாதங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்த நவாஸ் வீடு தேடி வந்தான். வீரசோழன் பால்வாடியில் என் கையால் சத்துமாவு தின்று வளர்ந்த பிள்ளை, இன்றைக்குக் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை முதலாளி. "டீச்சர், எங்க ஏரியால ஒரு பிள்ளைக காப்பகம் இருக்கு. ராத்திரி பகலா வேலைக்குப் போற ஆளுக பிள்ளைக. கமிட்டில நானும் இருக்கேன். மூணு மாசம் வந்து பாத்துக்கங்களேன், டிக்கெட்டு என் பொறுப்பு" என்றான். என்னை டீச்சர் என்று யாராவது கூப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதில் மயங்கிவிட்டேன் தம்பி. வேறொன்றும் இல்லை.

வந்த இடத்தில் முதல் அனர்த்தம் தண்ணீரால் வந்தது. இங்கே மழை பெய்கிறது பார், நம் ஊரில் ஒரு வருஷத்துக்குச் சேர்த்துப் பெய்வதை இங்கே ஒரு சாயங்காலத்தில் கொட்டிவிட்டு, அது பாட்டுக்குச் சாக்கடைக்குப் போகிறது. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்குப் பகீர் என்றது. காப்பகத்திலிருந்த வாளி, சட்டி, குப்பைக்கூடை, பிள்ளைகள் மண் விளையாடுகிற பொம்மை வாளி உள்பட அத்தனையையும் பின்வாசலில் வரிசையாக வைத்துப் பிடித்தேன். ஒரு வாரம் அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கமே வந்தது. அடுத்த வாரம் சுகாதார அதிகாரிகள் டார்ச் லைட்டோடு வந்து பார்த்தால், வாளிக்கு வாளி கொசுப்புழு நெளிகிறது. இந்த ஊரில் டெங்கு என்றால் அப்படி ஒரு பயம். அபராதம் போட்டுவிட்டுப் போனார்கள். காப்பகத்தை நடத்துகிற கோகிலாம்பாள் அம்மா தங்கமான மனுஷி, தலையில் கையை வைத்துக்கொண்டு, "தண்ணிய எதுக்கும்மா சேத்து வச்சீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே எனக்குப் புரியவில்லை. தண்ணீரை வேறு என்ன செய்வார்கள்?

இரண்டாவது அனர்த்தம் தூக்கம். மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கவைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று சூப்பர்வைசர் அம்மாவே சொல்லியிருக்கிறார். இங்கேயும் பாயை விரித்து, தட்டிக்கொடுத்து, பாட்டுப் பாடினேன். ஒரு ஜீவன் கூடத் தூங்கவில்லை, நான் தூங்கிவிட்டேன். என் குறட்டையைப் பிள்ளைகளில் ஒன்று செல்போனில் பிடித்துவைக்க, அது கமிட்டி ஆட்கள் எல்லோருக்கும் போய், நவாஸ் கடையில் டீ குடிக்க வந்தவர்கள்வரைக்கும் கேட்டுவிட்டார்கள். இதையெல்லாம்கூட நான் தாங்கிக்கொண்டேன்.

மூன்றாவதைத்தான் எழுதக் கை வரவில்லை. போன திங்கட்கிழமை அடைமழை. காப்பகத்துக்கு நாலே நாலு பிள்ளைகள் வந்திருந்தார்கள். வருகை குறைந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஜீப் சத்தம் கேட்டாலே சூப்பர்வைசரோ என்று வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன். நம் ஊரில் பிள்ளை வரட்டும் என்று நாம் உட்கார்ந்தா இருந்தோம்? தெருத் தெருவாகப் போவோம். வாசலில் விளையாடுகிறதில் ஒன்றை இடுப்பில் தூக்கி, இரண்டைக் கையில் பிடித்து, "ஏத்தா, பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்" என்று வீட்டுக்குள்ளே ஒரு குரல் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவோம். ஆத்தாக்காரி களையெடுக்கப் போயிருப்பாள், பதில் வராது. வராவிட்டால் சரி என்று அர்த்தம். ஒருத்தியாவது ஏன் கொண்டுபோனாய் என்று கேட்டிருப்பாளா? கொண்டுபோகாவிட்டால்தான் சண்டைக்கு வருவாள். அந்தப் பழக்கத்தில் காப்பகத்துக்கு மேலே உள்ள அடுக்குமாடியில் ஏறினேன். நாலாவது மாடியில் ஒரு வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது, வாசலில் மூக்கொழுக ஒரு பெண் குழந்தை தனியாக உட்கார்ந்து செருப்பைச் சப்பிக்கொண்டிருந்தது. "ஏத்தா, பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். பதில் இல்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்தக் குழந்தை காப்பகத்துப் பிள்ளையே இல்லை. பெயர் தர்ஷா. அவள் அம்மா சத்யபிரியா கையுறை செய்கிற தொழிற்சாலையில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். இங்குள்ள தமிழ்ப் பெண்தான். முழித்துப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். அவள் போட்ட கூச்சலில் ஏழு மாடியும் இறங்கிவிட்டது. போலீஸ் வந்தது. நான் சத்தமெல்லாம் கேட்டு, யார் வீட்டுக்கோ கெட்ட சேதி போலிருக்கிறதே என்று இரக்கப்பட்டுக்கொண்டே அந்தக் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பேரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். சத்யபிரியா பிள்ளையை என் மடியிலிருந்து பிடுங்கினாள். எத்தனை பிள்ளையைத் தாய் கையிலிருந்து வாங்கியிருக்கிறேன், கொடுத்திருக்கிறேன், என் கையிலிருந்து ஒருத்தி பிடுங்கியது அதுதான் முதல் தடவை.

என்னைக் கூட்டிப்போன போலீஸ் ஸ்டேஷனுக்கு நவாஸ் ஓடி வந்தான். இந்த நாட்டுப் பாஷையில் என்னென்னவோ சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அழுகிற குரலில் தமிழுக்கு வந்துவிட்டான். "சார், என்னையும் இவுக இப்படித்தான் சார் தூக்கிட்டுப் போனாக! எங்கம்மாகிட்ட கேக்கவே இல்ல! நான் இப்ப நல்லாத்தான இருக்கேன்!" என்றான். இதை என்னோடு வந்திருந்த கோகிலாம்பாள் அம்மா மொழிபெயர்க்க, அங்கிருந்த பெண் போலீஸ் அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். நவாஸையும் நான் கடத்தினேன் என்று எழுதிவிடுவார்களோ என்று அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வயசைப் பார்த்துக் கண்டித்து அனுப்பிவிட்டார்கள். கமிட்டியில் பேசி, நான் முன்கூட்டியே ஊருக்குப் போவது எல்லோருக்கும் நல்லது என்று முடிவெடுத்து, சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். தப்பாகச் சொல்லவில்லை. எதற்கும் வாளிகளைத் தொடவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

தம்பி, போலீஸ் கூப்பிட்டதுகூட எனக்குப் பெரிதில்லை. நம் ஊரில் அழுகிற பிள்ளையை என்னிடம் நீட்டிவிட்டுப் போவார்கள். இங்கே நான் படியில் ஏறினால் தாய்மார்கள் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார்கள். பூச்சாண்டி வாரான், பிள்ளை பிடிக்கிறவன் வாரான் என்று சொல்லித்தான் எத்தனை பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியிருப்பேன், இந்த வயசில் நானே அந்த ஆளாகிவிட்டேன். வந்திருக்கக் கூடாது. மாலை போட்ட அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வேலையும் எனக்குத் தெரியவில்லை என்று தெரிந்துகொள்ளக் கடல் தாண்டி வந்திருக்கிறேன். நீ சொன்னதுதான் சரி. இதை டீக்கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டிக்கொள், நான் மறுக்க மாட்டேன். மோட்டார் ரூமில் கட்டிலை நிமிர்த்திப் போட்டால் போதும், வீட்டுக்குள்ளே இடம் கேட்க மாட்டேன். நீ வயலுக்குப் போகிற நேரத்தில் பன்றி விரட்டக்கூட வருகிறேன். வாசப்படி ஏறாதே என்று சொன்னதை மட்டும் மறந்துவிடு.

முத்துத்தாய்க்கு என் அன்பைச் சொல். அவள் கேட்ட மலேசியக் கோடாலித் தைலம் வாங்கிவிட்டேன். இந்த வருஷம் நம் கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாயட்டும், மானாவாரிக் காடெல்லாம் விளையட்டும், உன் கோபம் குறைந்து ஆயுசு நீளட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை மத்தியானம் திருச்சியில் உனக்காகக் காத்திருக்கப் போகிற
அக்கா நாகஜோதி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் காப்பக வாசலில் யாரோ நிற்கிற நிழல். சத்யபிரியா, வேலைக்குப் போகிற உடுப்பில், இடுப்பில் தர்ஷா. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று எழுந்து நின்றேன். "நீங்க தூக்கிட்டுப் போனதுக்கு நான் கத்தலம்மா" என்றாள். "யார் தூக்கிட்டுப் போயிருந்தாலும் நான் முழிச்சிருக்க மாட்டேன். அத நெனச்சுத்தான் கத்துனேன். தினமும் இவ இப்படித்தான் வாசல்ல தனியா கெடக்குறா." தர்ஷாவின் மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு, "நாளைக்கும் வாங்க. ஆனா என்னைத் தட்டி எழுப்பிச் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். கோகிலாம்பாள் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரே நவாஸுக்குப் போன் போட்டு டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டார்.

ஆகவே தம்பி, மேலே எழுதியதில் ஆசீர்வாதம் தவிர மற்றதெல்லாம் ரத்து. நீ சொன்னது சரியில்லை. டீக்கடையில் படிக்காதே. மூன்று மாதம் முடிந்துதான் வருவேன், வாசப்படியைப் பற்றி அப்போது பேசிக்கொள்வோம். சனிக்கிழமை நீ திருச்சிக்கு வரவேண்டாம். நான் வந்து நின்றிருந்தால் நீ வந்திருப்பாயா, மாட்டாயா என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அந்த ஒரு வருத்தம்தான்.