மஞ்சள் புள்ளியின் பட்டினி

பத்து பிளேட்டில் ஆறில்தான் முளைத்திருந்தது.

மண் பாக்டீரியாக்களை ஆராயும் அவள், ஆய்வுக்கூட மேசையில் இருந்த கண்ணாடித் தட்டுகளை மறுபடி எண்ணினாள். ஆறுதான். ஒரே பாக்டீரியா, ஒரே சாப்பாடு, ஒரே சூடு. ஆறு பிளேட்டில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். நாலு பிளேட் துடைத்து வைத்தது போல் காலி.

ஒரு கைப்பிடி மண்ணில் ஆயிரக்கணக்கான வகைப் பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மீடியா என்கிற சத்துக்கூழ் உறைந்த பிளேட்டில் தடவினால், வளரக்கூடியது ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத் தலைகாட்டும். அப்படித் தலைகாட்டிய மஞ்சள் புள்ளியின் மரபணு, உலகப் பட்டியலில் எதோடும் ஒத்துப்போகவில்லை. புது இனம்! ஆனால் பெயர் நிலைக்க வேண்டுமானால், இரண்டு நாட்டுச் சேமிப்பகங்களில் அதை உயிரோடு ஒப்படைக்க வேண்டும். அங்கே அவர்கள் வளர்த்தாலும் தவறாமல் முளைக்க வேண்டும்; செத்ததற்குப் பெயர் சூட்ட மாட்டார்கள்.

இயக்குநர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "மாசக் கடைசிக்குள்ள பார்சல் போகணும்மா. இல்லன்னா உங்க வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எந்த முகத்தோட கேக்கறது?"

பதினோரு வருடமாகத் தற்காலிகம்.

'அழுக்குதான் காரணம்' என்று முடிவு கட்டி, குடுவைகளைக் கழுவி மீடியா காய்ச்சுபவரைப் பிடித்தாள். எல்லோருக்கும் அவர் மீடியா அண்ணன்.

"அண்ணே, குடுவையைக் கழுவறீங்களா, இல்ல தண்ணியைக் காட்டிட்டுக் கவுத்துடறீங்களா?"

"என்ன மேடம், இப்படிக் கேட்டுட்டீங்க!"

"இனிமே சோப்புப் போட்டுத் தேய்க்கணும். நான் பக்கத்துலயே நிப்பேன்."

நின்றாள். மூன்று நாள் கழித்துத் திறந்து பார்த்தால், இரண்டே பிளேட்டில் மஞ்சள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வீட்டில் கணவனிடம் புலம்பினாள். கட்டடம் கட்டுபவன், பாக்டீரியா என்றாலே கை கழுவப் போய்விடுவான்.

"ஆசிட் ஊத்திப் பாரேன். டைல்ஸ் எல்லாம் பளிச்சுனு ஆயிடும்."

"இது பாத்ரூம் இல்லங்க!"

ஆனாலும் மறுநாள் ஆசிட் ஊற்றினாள். அதன்மேல் காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று அலசல். மீடியா அண்ணனின் விரல்கள் ஊறி வெளுத்துப்போயின. பலன்? பத்தும் காலி. ஒரு புள்ளி கிடையாது, பேருக்குக்கூட.

உறைபெட்டியில் சேமித்து வைத்த மஞ்சள் குழாய் இன்னும் ஒன்றே ஒன்று; பிளேட்டில் முளைத்தவை அதற்குள் செத்திருந்தன.

"எல்லாமே புதுக் குடுவையா எடுங்க அண்ணே. பெட்டியைப் பிரிங்க. வழக்கம் போல ஒரு குடுவைக்கு ஒரு பிளேட். மனுஷன் கை பட்டிருக்கக் கூடாது."

கடைசிக் குழாயில் இருந்ததைப் பத்து பிளேட்டிலும் தடவி வைத்தாள். மூன்றாம் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தாள். முதல் பிளேட் காலி. ஐந்தாவது காலி. ஒன்பதும் காலி. இயக்குநருக்கு எழுத வேண்டிய கடிதம் மனதுக்குள் தானாகவே ஓட ஆரம்பித்தது.

பத்தாவதைத் திறந்தவள் அப்படியே உறைந்துபோனாள். பிளேட் முழுக்க மஞ்சள், சந்தனம் அப்பியது போல.

"அண்ணே! இங்க வாங்க! இந்தப் பத்தாவது குடுவையை என்ன பண்ணீங்க?"

அவர் முகம் வெளிறியது. "புதுசு ஒன்பதுதான் இருந்துச்சு மேடம். அதான் ஒண்ணு மட்டும் பழசு..."

"கழுவினீங்களா?"

அவர் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"சத்தியமா திட்ட மாட்டேன். சொல்லுங்க."

"பக்கத்து ரூம்காரங்க வெள்ளை பாக்டீரியா வளத்த குடுவை மேடம். அடியில ரெண்டு கரண்டி தண்ணி கிடந்துச்சு. கொதிக்கறப்போ எப்படியும் எல்லாம் செத்துரும்னு, அதுலயே காய்ச்சிட்டேன்."

"இதுக்கு முன்னாடியும் இப்படிப் பண்ணியிருக்கீங்களா?"

"நீங்க பக்கத்துல வந்து நிக்கிற வரைக்கும், பாதிக் குடுவை அப்படித்தான்."

அவள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். வாய் மட்டும் திறந்திருந்தது. அடுத்து வசவுதான் வரப்போகிறது என்று பயந்த மீடியா அண்ணன் படபடவென்று சொல்லி முடித்தார்:

"அந்த வெள்ளை விட்டுட்டுப் போன சத்துத் தண்ணி ரெண்டு கரண்டி ஊத்திக் காய்ச்சினா உங்க மஞ்சள் வளருது மேடம், நான் ஒழுங்காக் கழுவினா பட்டினி கிடந்து செத்துருது."