தொங்கல் பாயும் எங்கள் குளியலறைச் சுவரும்

காரைக்குடியில் எந்த வீட்டுச் சுவரிலாவது கீசரோ டிவியோ ஆடாமல் அசையாமல் இருந்தால், அதில் ஒரு முறையாவது தொங்கல் பாய் தொங்கியிருக்கிறார் என்று நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

கனமான சாமான்களைச் சுவரில் மாட்டித் தருவது அவர் தொழில். மற்றவர்கள் மாட்டிவிட்டு, கையால் லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். பாய் தொண்ணூறு கிலோ. மாட்டிய சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, கால்களைத் தூக்கிக்கொண்டு ஐம்பது எண்ணுவார். நடுவில் யார் வந்தாலும் இறங்கமாட்டார்.

நாச்சியாபுரத்தில் ஒரு வீட்டில் அப்படித் தொங்கிக்கொண்டிருந்தபோது, பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே நுழைந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா அண்ணாந்து பார்த்து, "இவுக யாரு?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

"இன்னும் பதினெட்டு இருக்கு. உக்காந்து பேசிக்கிட்டு இருங்க" என்றாராம் பாய். அந்தச் சம்பந்தம் முடிந்தது. கல்யாணத்துக்கு அவருக்கும் பத்திரிகை வந்தது.

திருப்பத்தூரில் ஒரு அலமாரி அவரோடு சேர்ந்தே கீழே வந்தது. பாய் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நல்லவேளை, என் மேல விழுந்துச்சு. பிள்ளைக மேல விழுந்திருந்தா?" என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து மாட்டினார்.

செக்காலையில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு லைட் வெயிட் பிளாக் சுவர். என் மனைவி, ஓய்வுபெற்ற டீச்சர், முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து வந்திருந்தாள். குளியலறையில் அவளுக்காக ஒருவர் மாட்டிக் கொடுத்த கைப்பிடி, மூன்றாம் நாளே அவள் கையோடு வந்துவிட்டது. நான் பக்கத்தில் இருந்ததால் விழவில்லை. அன்றிலிருந்து தனியாக உள்ளே போக அவளுக்குப் பயம். என்னைக் கூப்பிடக் கூச்சம். தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். அதை நான் கண்டுபிடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாய் வந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது ரஸ்க்கு மாதிரி சுவர் சார். இதைப் போயி அடிச்சுத் துளைச்சிருக்காக. உள்ளுக்குள்ள பூராம் நொறுங்கிப் போச்சு."

"ஸ்க்ரூவுக்குப் பெரிய பிளாஸ்டிக் பிளக்கா வச்சுப் பாருங்களேன், பாய்."

"கண்ணாடி மாட்ட அது போதும். ஆளு சாஞ்சு இழுத்தா நிக்காது. இங்குட்டு துளைச்சு அங்குட்டு எடுத்து, பின்னாடி இரும்புத் தகடு வச்சு போல்ட்டு போடணும்."

அங்குட்டு என்றால் எங்கள் ஹால். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற சுவர்.

"புது வீடு பாய்!" என்றேன்.

"வீடும் புதுசு, டீச்சரம்மா முட்டியும் புதுசு. எதைப் பாக்கப் போறீக?"

ஹாலில் அந்தச் சுவரோரம் கிடந்த நாற்காலிகளை நான் நகர்த்தினேன். பாய் டிரில் மெஷினில் சுத்தியல் மாதிரி அடிப்பதை நிறுத்திவிட்டு, பழுதில்லாத இடமாகப் பார்த்து, வெறும் சுழற்சியிலேயே பொறுமையாகத் துளைத்தார். சைக்கிள் பம்பால் தூளை ஊதினார். ஹாலில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இரண்டு தகடுகள் முளைத்தன. கைப்பிடி இடுப்பு உயரத்தில் இருந்ததால், காலை மடக்கிக்கொண்டு தரையைத் தொடாமல் தொங்கினார். ஐம்பதுக்குப் பதில் இருநூறு எண்ணினார். என் மனைவியைக் குளியலறை வாசலில் உட்காரவைத்து, சத்தமாக எண்ணினார்.

அவள் எழுந்தாள். கைப்பிடியை ஒரு முறை இழுத்தாள். இன்னொரு முறை. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வெளிய போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹாலுக்கு வந்தால், பாய் அந்த இரண்டு தகடுகள் மேலும் இரண்டு உள்ளங்கைகளை வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அதான் போல்ட்டு இருக்கே, பாய். நீங்க எதுக்குப் பிடிச்சுக்கிட்டு?"

"தெரியும் சார். டீச்சரம்மா வெளிய வரட்டும்" என்றார்.

நானும் பக்கத்தில் போய், அவர் கைக்குக் கீழே என் கையை வைத்துக்கொண்டேன்.