ரீமாஸ்டரில் போதகரைக் காணோம்

செய்தி வந்தது காலை ஐந்தே முக்காலுக்கு. எங்கள் நெய்யூர்ப் பக்கத்தில் அந்த நேரத்தில் போன் அடித்தால், எடுக்கிறவர் ஹலோகூடச் சொல்லமாட்டார். "அடக்கம் எப்போ?" என்றுதான் கேட்பார். நானும் அதையே கேட்டேன்.

"ஏலே, ஆளு ஒண்ணும் சாகல்ல," என்றான் ஜஸ்டஸ். "ஆல்பத்தக் கொல்லப் போறானுவ. ரீமாஸ்டர் பண்ணுதானுவளாம்."

இந்த இனத்துக்கு ஒரிஜினல்காரர் என்று பெயர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் முகம் வாடும்; அதைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிடுவார்; தீர்ப்பு சொன்ன பிறகு ஆர்டர் போடுவார்; பார்சல் வந்ததும் உறையைப் பிரித்து முகர்ந்து பார்த்து "மணம் சரியில்ல" என்பார்; அப்புறம்தான் கேட்பார், அதுவும் பல் பிடுங்கிக்கொள்ள வந்தவரின் முகபாவத்தோடு. பிடிக்காததை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? கேட்டுப் பாருங்கள். "வாங்காம எப்பிடிடே திட்டுகது?" என்பார். நியாயம்தானே.

என் நண்பன் ஜஸ்டஸ் இந்த இனத்தின் உத்தமமான மாதிரி. குலசேகரத்தில் ஒரு ரப்பர் தோட்ட அலுவலகத்தில் கணக்கர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடகர் குழுவில் கடைசி வரிசை, கனத்த குரல். இந்த மனிதனின் உயிர் இருந்தது திராஷ் மெட்டலில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிட்டாரை மரம் அறுக்கும் மிஷின் வேகத்தில் இழுத்து, டிரம்ஸைப் பகையாளியைப் போல அடித்து, பாடுகிறவர் வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகிற தொண்டையில் பாடும் சங்கீதம் அது. 'ஸ்டீல் ஜூரி' என்ற லண்டன் குழுவின் 'நோ பெயில்' என்ற ஆல்பம் அவனுக்கு வேதம். அதைத்தான் இப்போது ரீமாஸ்டர் செய்கிறார்கள். அதாவது, பழைய பதிவைத் தூசி தட்டி, சத்தத்தைக் கூட்டி, புது அட்டை போட்டு, பழைய ரசிகனிடமே மறுபடி விற்கிறார்கள்.

"இனி டிரம்ஸ் கேக்க பஞ்சு மெத்தையில அடிச்ச மாதிரி இருக்கும். பேச்சிப்பாறையில தகரத்து மேல மழ பெய்யுதுல்லா? அந்தச் சத்தம் வேணும் மக்கா."

"அது உன் கேசட் தேஞ்சுபோன சத்தம்லே."

"தேஞ்சாலும் ஒரிஜினலாக்கும்."

இந்த 'ஒரிஜினல்' விவகாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கல்லூரிக் காலத்தில், கப்பலில் வேலை பார்த்த அவன் அத்தான் ஒருவர் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தார். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். அதற்குள் பிரதி எடுக்க வேண்டும். வீட்டில் வெற்றுக் கேசட் இல்லை. கன்வென்ஷன் கூட்டத்தில் அவன் அப்பா பதிவு செய்து வைத்திருந்த பிரசங்கக் கேசட் இருந்தது. யாரும் அழித்துவிடக் கூடாதென்று அப்பா அதன் விளிம்பிலிருக்கும் சின்னத் தகட்டை உடைத்து வைத்திருந்தார். ஜஸ்டஸ் அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டிவிட்டு, கர்த்தருடைய வார்த்தையின் மேல் ஸ்டீல் ஜூரியைப் பதிந்தான். மூன்றாம் பாட்டு முடிந்ததும் அம்மா அறைக்குள் வந்தார். இவன் பதறி நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தபோது டேப் சற்றுத் தள்ளிப்போயிருந்தது. அந்த இடைவெளியில் பழைய பிரசங்கம் ஒரு துண்டு தப்பிப் பிழைத்தது. கிட்டார்கள் ஓய்ந்ததும் கம்பீரமான ஒரு குரல்: "எல்லாரும் எழுந்து நிற்போம்." உடனே நாலாம் பாட்டின் டிரம்ஸ்.

அந்தக் கேசட்டிலிருந்து பிரதி, பிரதியிலிருந்து பிரதி என்று திங்கள்நகர், கருங்கல், மார்த்தாண்டம் வரைக்கும் போனது. எல்லாவற்றிலும் போதகர் இருந்தார். இந்த வட்டாரத்தில் மெட்டல் கேட்கிற அத்தனை பேரும் மூன்றாம் பாட்டு முடிந்ததும் எழுந்து நிற்பார்கள். கருங்கல் எபின் சென்னைக்கு வேலைக்குப் போய், அறை நண்பன் அசல் சி.டி.யைப் போட்டபோது, பழக்கதோஷத்தில் அந்த இடத்தில் எழுந்து நின்றிருக்கிறான். "எங்கடா போற?" என்று அவன் கேட்க, இவன் "சி.டி.யில கோளாறு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தானாம்.

நான் ஜஸ்டஸிடம் ஒருமுறை கேட்டேன்: "லண்டன்காரன் பாட்டு ரெக்கார்ட் பண்ணும்போ நம்ம போதகர் அங்க போயிருந்தாராலே?"

"ஏன், போகப்பிடாதா? லண்டன் மிஷன்காரன் அங்கேருந்து நெய்யூருக்கு வரலாம், நெய்யூர்க்காரன் அங்க போனா குத்தமா?"

இந்த இனத்தோடு வாதம் செய்யாதீர்கள். முட்டம் கலங்கரை விளக்கத்துக்குப் புது வெள்ளை அடித்தபோதும், "பழைய வெள்ளையில ஒரு அழுக்கு உண்டும், அதாக்கும் அழகு" என்றவன் அவன். நான் எப்போதும் எதிர்க்கட்சி. தெளிவாகக் கேட்பதில் என்ன பாவம்? பார்சல் வரட்டும், இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுத் தீர்ப்பு சொல்லுவோம் என்று முடிவாயிற்று.

ஆனி மாதத்தில் மறுபடியும் ஒருநாள் அதே ஐந்தே முக்கால். திரையில் அவன் பெயர். எடுத்ததும், "இப்போ எதலே கெடுத்தானுவ?" என்றேன்.

பேசியது அவன் மனைவி லீமா. இந்தத் தடவை நான் "அடக்கம் எப்போ" என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

அடக்க ஆராதனையில், ஆலயத்தின் பின்வரிசை முழுக்க மெட்டல்காரர்களின் நரைத்த தாடிகள். வெள்ளைச் சட்டைக்குள் கறுப்பு பனியன் தெரிய வந்திருந்தார்கள். போதகர் வேதத்தை மூடினார். "எல்லாரும் எழுந்து நிற்போம்," என்றார். பின்வரிசை மற்ற எல்லாரையும் முந்திக்கொண்டு எழுந்தது. எழுந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, டிரம்ஸுக்காகக் காத்திருந்தது. எபினின் இரண்டு விரல்கள் முன்பெஞ்சின் முதுகில் தாளமும் போட்டுவிட்டன. துக்க வீட்டில் சிரித்தார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்புங்கள்.

பார்சல் அதற்கப்புறம்தான் வந்தது. லீமா பிரிக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"அண்ணே, இத நீங்க கேட்டு என்ன குத்தம் இருக்குன்னு சொல்லணும். அவிய இருந்தா ஒரு மாசம் திட்டியிருப்பாவ. வீடு சும்மா கெடக்கு."

நீங்களே சொல்லுங்கள், இது என்ன வேலை? வாழ்நாள் முழுக்க ரீமாஸ்டர் கட்சியில் இருந்தவனிடம் ரீமாஸ்டரைத் திட்டச் சொல்கிறாள். சரி என்று கேட்க உட்கார்ந்தேன். முதல் பாட்டிலேயே விபரீதம். நன்றாக இருந்தது. பேஸ் கிட்டார் என்று ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார் என்பதே இப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் பாட்டு அதைவிட நன்றாக இருந்தது. வாதத்தில் நான் முழுசாக ஜெயித்துக்கொண்டிருந்தேன். தோற்க வேண்டியவன்தான் இல்லை. லீமாவுக்கு என்ன சொல்வேன் என்று கவலையாகிவிட்டது.

மூன்றாம் பாட்டு முடிந்தது. நான் எழுந்து நின்றேன்.

சுத்தமான அமைதி. பொட்டு இரைச்சல் கிடையாது. அப்புறம் டிரம்ஸ். நிறுத்திவிட்டேன்.

லீமாவுக்குப் போன் செய்தேன். "குத்தம் கிடைச்சாச்சு. போதகரக் காணோம்."

"அதானே பாத்தேன்!" என்றாள். அப்புறம் கணவனின் குரலிலேயே லண்டன்காரர்களைத் திட்ட ஆரம்பித்தாள். ஒரிஜினல்னா என்னன்னு தெரியுமா இவனுவளுக்கு, கையில பேனாவ வச்சு ஒருநாளாவது கேசட்டு சுத்தியிருப்பானுவளா என்று மூச்சு விடாமல் போனாள். நடுவில் மூக்கை உறிஞ்சிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நானும் கூடவே திட்டினேன். மனசாரத் திட்டினேன்.

ஆகவே, புது வெள்ளையடித்த எதையாவது பார்த்து "என்ன இருந்தாலும் அந்தப் பழசு மாதிரி..." என்று உங்கள் வாய் ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த இனத்தில் யாரும் விரும்பிச் சேருவதில்லை. யாரோ ஒருவர் போகும்போது அவருடைய இடத்தை உங்களிடம் விட்டுவிட்டுப் போய்விடுவார். ஒருவேளை நீங்கள் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருக்கலாம், குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சப் பாட்டுகளின் குற்றங்களையும் சொல்வதாக லீமாவிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பாட்டைத் தாண்டி இன்னும் கேட்கவில்லை.